திப்பிலி லேகியமும் மச்சினன் மாத்திரையும்

அந்த வாசனையா தம்பி? திப்பிலி. மேல வச்சிருக்கேனே பச்சைப் பை, அதுல இருந்துதான் வருது. உள்ள இருக்கிற லேகிய பாட்டில் மூடியை இறுக்கித்தான் போட்டேன். இந்த பஸ் குலுக்குற குலுக்குல கசிஞ்சிருக்கும். உங்க சட்டையில சொட்டாது, பயப்படாதீங்க.

நீங்க எது வரைக்கும்? கோவில்பட்டியா. நான் திருநெல்வேலி. பேரு தவசிலிங்கம். விருதுநகர்ல தெப்பக்குளம் பக்கம் நாட்டு மருந்துக் கடை வச்சிருக்கேன். இன்னைக்குக் கடையைப் பூட்டிட்டு வந்திருக்கேன். என் சம்சாரம் செண்பகவல்லி கோவிச்சுக்கிட்டுப் போய் அவ தம்பி வீட்டுல உக்காந்திருக்கா. கூப்பிட்டு வரணும். என்ன கோவம்னு கேட்டா நீங்களே சிரிப்பீங்க. நான் ஒரு மருந்து கண்டுபிடிச்சேன். அதுதான் கோவம்.

சாதாரண மருந்து இல்லை தம்பி. டிபிக்கு மருந்து. இப்ப மெட்ராஸ்ல பெரிய பெரிய படிப்புப் படிச்சவங்க எல்லாம் அதைத்தான் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருக்காங்க. செடி கொடியில இருக்கிற சத்தை இங்கிலீஷ் மருந்தோட சேர்த்துக் கொடுத்தா டிபி கிருமி சீக்கிரம் சாகுமான்னு. அதுல முக்கியமான ஆளே என் கொழுந்தியா தமயந்திதான். என் சம்சாரத்தோட கூடப்பிறந்த தங்கச்சி. அவளுக்குச் சால்வை போட்டு, மேடையில உக்கார வச்சு, கை தட்டுனாங்க. ஆனா அந்த யோசனை பிறந்தது எங்க வீட்டு மாடியில. முதல் ஆள் குணமானது எங்க வீட்டுல. இதை அவ எந்த மேடையிலயும் சொல்ல மாட்டேங்குறா. படிச்சவங்க குணம் அப்படி.

மொத இருந்து சொல்றேன். நேரம் இருக்குல்ல.

என் மச்சினன் பேரு தங்கப்பழம். சம்சாரத்துக்குத் தம்பி. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் எங்க வீட்டு மாடியிலதான் தங்கியிருந்தான். பருப்பு மில்லுல கணக்கு எழுதுற வேலை. அந்த வேலையும் நான் சொல்லி வாங்கிக் கொடுத்ததுதான். அதனால என் முன்னால நிமிர்ந்து பேச மாட்டான், நல்ல பையன். ஆவணி மழை நேரத்துல இருமல் பிடிச்சுது. பருப்புத் தூசின்னு நினைச்சோம். சாயங்காலமானா காய்ச்சல், ராத்திரி வேர்த்துக் கொட்டுது, கன்னம் ரெண்டும் ஒட்டிப்போச்சு. ஒரு நாள் துப்புனதுல ரத்தம் இருந்துச்சு. செண்பகவல்லி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம அவனைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. சளியைச் சோதிச்சுட்டு டிபின்னு சொல்லிட்டாங்க. ஆறு மாசம் விடாம மாத்திரை சாப்பிடணும், நடுவுல ஒரு நாள் கூட நிறுத்தக் கூடாதுன்னு ஒரு நர்ஸம்மா வீட்டுக்கே வந்து சொல்லிட்டுப் போச்சு.

நானும் அந்த மாத்திரையைக் கையில வாங்கிப் பார்த்தேன். செங்கல் கலர்ல, பெருசு பெருசா. சாப்பிட்ட மூணாம் நாளே அவனுக்குக் குமட்டல், சோறு இறங்கலை. உடம்புக்கு ஒத்துக்கலைன்னா அது மருந்தா? நீங்களே சொல்லுங்க. எங்க கடையில பரம்பரையா மருந்து இடிக்கிறோம். நெஞ்சுச் சளிக்கு வந்தவன் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. எங்க வீட்டு ஆளுக்கே வெளிய மருந்துன்னா ஊரு என்ன பேசும்?

திப்பிலி, மிளகு, சுக்கு, ஆடாதோடை இலை, பனங்கருப்பட்டி. இதெல்லாம் எல்லாரும் போடுறது. அதுக்கு மேல ரெண்டு சரக்கு இருக்கு, அதைச் சொல்ல முடியாது, தப்பா நினைக்காதீங்க. லேகியமாக் கிண்டி, மாடிக்குக் கொண்டுபோய் அவன் கையில கொடுத்தேன். "மாப்ளே, இன்னையிலிருந்து இதுதான். அந்த மாத்திரை வேண்டாம். அது சூடு"ன்னேன்.

அவன் அக்கா முகத்தைப் பார்த்தான். அவ தலையை ஆட்டுனா. மாத்திரை அட்டையெல்லாம் எடுத்து அவ கையில கொடுத்து, "குப்பையில போட்டுரு"ன்னு சொன்னேன். "சரிங்க"ன்னா. எதிர்த்து ஒரு வார்த்தை பேசலை. அப்பவே எனக்கு சந்தோஷம், நம்ம மேல இவளுக்கு இவ்வளவு நம்பிக்கையான்னு.

அப்புறம் பார்க்கணுமே நீங்க. ஒரு மாசத்துல காய்ச்சல் போச்சு. இருமல் அடங்கிருச்சு. தட்டுல போட்ட இட்லி பத்தலைன்னு கேட்க ஆரம்பிச்சான். கன்னம் வந்துருச்சு. அதை விடுங்க, இன்னொரு அதிசயம். ஒரு நாள் அவனே கூச்சப்பட்டுக்கிட்டு வந்து, "அத்தான், ஒண்ணுக்குப் போனா ஆரஞ்சு கலர்ல போகுது"ன்னான். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. நோயைக் கரைச்சு வெளிய தள்ளுது தம்பி என் லேகியம். கண்ணால பார்க்கலாம். எந்த டாக்டராவது நோய் வெளிய போறதைக் கண்ணுல காட்டியிருக்கானா?

இதை நான் வச்சுக்க முடியுமா? கடைக்கு வர்ற எல்லார்கிட்டயும் சொன்னேன். கலரைச் சொன்னேன். ஒரு போர்டு எழுதி மாட்டுனேன், "காச நோய்க்குக் கைகண்ட லேகியம்". அருப்புக்கோட்டையில இருந்தெல்லாம் ஆள் வந்தாங்க. ஆறு மாசம் கழிச்சு ஆஸ்பத்திரியில சளி சோதிச்சா, கிருமி இல்லை. அந்த நர்ஸம்மா வீட்டுக்கு வந்து செண்பகவல்லி கையைப் பிடிச்சுக்கிட்டு, "நல்லாப் பார்த்துக்கிட்டீங்கக்கா"ன்னு சொல்லிட்டுப் போச்சு. அவளைச் சொன்னாங்க, என்னைச் சொல்லலை. அன்னைக்கு நான் அதைப் பெருசா எடுத்துக்கலை.

எங்க ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குத் தமயந்தி மெட்ராஸ்ல இருந்து வந்தா. எல்லாரும் சாப்பிட உக்காந்திருக்கோம். நான் தங்கப்பழத்தைக் காட்டி, நடந்ததை எல்லாம் சொன்னேன். அவ ஆராய்ச்சிக்காரிதானே, பயன்படட்டுமேன்னுதான். கலரைச் சொன்னதும் சாப்பிடுறதை நிறுத்திட்டா.

"ஆரஞ்சு கலரா அத்தான்?"

"ஆமா. நோய் கரைஞ்சு போகுது."

"அது அந்த மாத்திரையோட கலரு. அதைச் சாப்பிடுற எல்லாருக்கும் அப்படித்தான் போகும்."

"அவன்தான் மாத்திரை சாப்பிடலையே"ன்னேன்.

தங்கப்பழம் இலையில சோத்தை உருட்டிக்கிட்டே இருக்கான். செண்பகவல்லி ரசம் ஊத்திக்கிட்டிருந்தவ, கரண்டியைக் கீழ வைக்காமலே சொன்னா, "காலையில கடுங்காப்பிக்கு முன்னால வெறும் வயித்துல நான்தான் கொடுத்தேன். ஒரு நாள் விடலை." ஏதோ பூனைக்குப் பால் வச்சேன்னு சொல்ற மாதிரி சொல்றா.

எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க. கட்டுன பொண்டாட்டி. அடுப்படிக்குள்ள, எனக்குத் தெரியாம, அக்காளும் தம்பியும் சேர்ந்துக்கிட்டு. இலையை மூடிட்டு எந்திரிச்சுட்டேன். வாசல்ல போய் நின்னேன். நின்னுக்கிட்டே யோசிச்சேன். யோசிக்க யோசிக்கத்தான் பளிச்சுன்னு பட்டுச்சு. அவன் மாத்திரையும் சாப்பிட்டிருக்கான், லேகியமும் சாப்பிட்டிருக்கான். ரெண்டும் சேர்ந்துதான் வேலை செஞ்சிருக்கு. இவ திருட்டுத்தனமாப் பண்ணுனது எனக்கே தெரியாம ஒரு கண்டுபிடிப்பாப் போச்சு.

உள்ள போய்ச் சொன்னேன். தமயந்தி என்னை உத்துப் பார்த்துட்டு, "அத்தான், வேடிக்கை என்னன்னா, நாங்க லேப்ல இதைத்தான் பார்க்கிறோம்"ன்னா. கேட்டீங்களா? அவ வாயாலேயே சொன்னா. அப்புறம் விளக்குனா. கிருமிக்குள்ள மருந்து போச்சுன்னா, கிருமி அதை வெளிய இறைச்சுத் தள்ளிருமாம். கிணத்துல மோட்டார் வச்சு இறைக்கிற மாதிரி. மிளகு, திப்பிலியில இருந்து பிரிச்செடுக்கிற ஒரு சத்து அந்த மோட்டாரை ஓட விடாதாம். அப்ப மருந்து உள்ளேயே நின்னு கிருமியைக் கொல்லுமாம்.

"அதைத்தானே நானும் சொன்னேன்"ன்னேன்.

"நீங்க மாத்திரையைக் குப்பையில போடச் சொன்னீங்க."

"பேச்சை மாத்தாதே. திப்பிலியா இல்லையா?"

"திப்பிலிதான். ஆனா நாங்க பார்த்தது கண்ணாடித் தட்டுல வளர்த்த கிருமியில. மனுஷனுக்குக் கொடுக்கிறதுக்கு இன்னும் எத்தனையோ சோதனை இருக்கு. லேகியத்துல அந்தச் சத்து எவ்வளவு இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? கூடிப்போச்சுன்னா மாத்திரையோட வேகம் ரத்தத்துல ஏறி ஈரலைக் கெடுத்தாலும் கெடுக்கும். தம்பிக்கு ஒண்ணும் ஆகாதது நம்ம நல்ல நேரம். அவனைக் குணமாக்குனது மாத்திரை. லேகியம் இல்லைன்னாலும் குணமாயிருப்பான்."

எவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியாதாம். எனக்கு. ஒரு கைப்பிடி போடுறேன், நாப்பது வருஷமாப் போடுறேன், கை தெரியாதா? கடைசியில சொன்னா பாருங்க, லேகியம் இல்லைன்னாலும்னு, அது பொறாமை தம்பி. அவ கண்ணாடித் தட்டுல பார்த்துக்கிட்டிருக்கா, நான் மச்சினன்லயே பார்த்துட்டேன். தாங்குமா?

இருந்தாலும் நான் மனசுல வச்சுக்கலை. கொஞ்ச நாள்ல அவளுக்குப் பாராட்டு விழான்னு தாக்கல் வந்துச்சு. பட்டுச் சட்டை எடுத்து, மெட்ராஸ் போய் ரெண்டாவது வரிசையில உக்காந்தேன். எப்படியும் என் பேரைச் சொல்லுவான்னு இருந்தேன். அவ பேசுனா. அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கு நன்றி. கூட வேலை பார்க்கிறவங்களுக்கு நன்றி. கண்ணாடிச் சாமான் கழுவுற அம்மாவுக்குக் கூடப் பேர் சொல்லி நன்றி. கடைசியில, "இதைக் கேட்டுட்டு யாரும் வீட்டுல நீங்களா மருந்து சேர்த்துச் சாப்பிடாதீங்க, மாத்திரையை நிறுத்தாதீங்க"ன்னு சொல்லிட்டு நேரா என்னையே பார்த்தா. என்னைத்தான் அறிமுகப்படுத்தப் போறான்னு நான் எந்திரிச்சுக் கும்பிடு போட்டேன். பக்கத்துல இருந்தவங்களும் ஏதோ பெரிய ஆளுன்னு நினைச்சுக் கும்பிட்டாங்க. அவ பேச்சை முடிச்சுட்டு உக்காந்துட்டா. பஸ் ஏறி வந்துட்டேன். சாப்பாட்டுக்குக் கூட நிக்கலை.

சாத்தூர் வந்துருச்சா. காராச்சேவு வாங்கிக்கிறீங்களா? வேண்டாமா, சரி.

இதுல செண்பகவல்லி எதுக்குக் கோவிச்சுக்கிட்டான்னு கேட்கிறீங்க. அதுக்குத்தான் வர்றேன். முத்திருளன்னு ஒருத்தன். மார்க்கெட்டுல மூட்டை தூக்குற ஆளு, தேக்கு மரம் மாதிரி இருப்பான். தங்கப்பழம் தேறிக்கிட்டு வந்த நேரத்துலதான் அவனும் கடைக்கு வந்தான். அவனுக்கும் டிபி, அவனுக்கும் அதே மாத்திரை. "வாந்தியா வருது அண்ணாச்சி, மூட்டை தூக்க முடியலை. குமட்டலுக்கு ஏதாவது கொடுங்க"ன்னு கேட்டான். குமட்டலுக்கு மட்டும் கொடுத்து அனுப்ப எனக்கு மனசு வரலை. மச்சினன் கதையைச் சொன்னேன். மாத்திரையை விட்டுட்டு லேகியத்தைச் சாப்பிடுன்னு சொன்னேன். என் காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டு வாங்கிட்டுப் போனான். மாத்திரையை விட்டதும் குமட்டல் நின்னுருச்சு. மறுபடி மூட்டை தூக்குனான். மார்க்கெட் பூரா என் பேரைச் சொன்னான்.

அந்தப் பொங்கல் சாப்பாடு முடிஞ்ச அன்னைக்கே செண்பகவல்லி ஆரம்பிச்சுட்டா. "முத்திருளன்கிட்டப் போய்ச் சொல்லிருங்க. தம்பி மாத்திரை சாப்பிட்டுத்தான் குணமானான்னு சொல்லிருங்க." நான் என்ன முடியாதுன்னா சொன்னேன்? கடைக்கு வரட்டும், பக்குவமாச் சொல்லலாம்னேன். ஒரு கடைக்காரன், போர்டு மாட்டுனவன், மார்க்கெட்டுக்குள்ள போய் நின்னுக்கிட்டு இதைச் சொல்ல முடியுமா? அவன் வரவே இல்லை. வராதவன்கிட்ட எப்படிச் சொல்றது? தினமும் கேட்டா. தினமும் வரலைன்னேன். உண்மையைத்தான் சொன்னேன்.

ஒரு நாள் அவளே கிளம்பிப் போயிட்டா. போனா, அவன் ஆஸ்பத்திரியில கிடக்கான். மறுபடி மாத்திரை ஆரம்பிச்சிருக்காங்க, கேட்கலை. டாக்டரே சொன்னாராம், "நடுவுல விட்டதால இனிமே இந்த மாத்திரைக்குக் கட்டுப்படாது"ன்னு. பார்த்தீங்களா, டாக்டரே ஒத்துக்கிட்டாரு, மாத்திரை கேட்கலைன்னு. இதை நான் வீட்டுல சொன்னேன். செண்பகவல்லி என்னை ஒரு பார்வை பார்த்தா. வேற மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்தாங்க. ஆடி மாசம் செத்துப்போனான். பெரிய மாலையாப் போட்டேன். நான் போகலைன்னு யாரும் சொல்ல முடியாது.

அதுக்கப்புறம் இவ பண்ணுனதைக் கேளுங்க. மத்தியானம் சாப்பாடு கொண்டு வர்றவ, திரும்பிப் போகாம கடை வாசல்லயே நிக்க ஆரம்பிச்சா. யாராவது வந்து காச நோய் லேகியம்னு கேட்டா, நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள, "இருமல் எத்தனை நாளா இருக்கு? பெரியாஸ்பத்திரியில சளி சோதிக்கிறாங்க, அங்க போங்க. எங்க வீட்டுலயும் அங்க போய்த்தான் குணமாச்சு"ன்னு சொல்றா. என் கடை வாசல்ல நின்னுக்கிட்டு. ரெண்டு பேரைக் கையோட ஆட்டோவுல ஏத்திவிட்டா. நான் சத்தம் போட்டேன். "உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா, ஊர் சிரிக்குது"ன்னு திட்டுனேன். அவ திருப்பித் திட்டலை. உள்ள போயி ஸ்டூலை எடுத்துட்டு வந்து, அது மேல ஏறி, போர்டைக் கழட்டிக் கீழ வச்சா. "இதை மறுபடி மாட்ட மாட்டேன்னு நீங்க சொல்ற வரைக்கும் நான் இந்த வீட்டுல இல்லை"ன்னுட்டு, மாத்துச் சேலையை எடுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டா. தங்கப்பழம் இப்ப திருநெல்வேலியில ஒரு ஜவுளிக் கடையில வேலையா இருக்கான், தனி வீடு. அங்க இருக்கா. போர்டை நான் அன்னைக்கே திரும்ப மாட்டிட்டேன். மாட்டாம இருந்தா அவ சொன்னது சரின்னு ஆயிரும்ல.

முந்தாநாள் போன்ல பேசுனேன். நானா இறங்கிப் பேசுனேன். வான்னேன். அவ, "முத்திருளன் பொண்டாட்டிகிட்டப் போங்க. அவ வாசல்ல நின்னு, மாத்திரைதான் குணமாக்குச்சு, நான் சொன்னது தப்புன்னு சொல்லிட்டு வாங்க. அப்புறம் யோசிக்கிறேன்"ன்னா.

குடும்பம்னா விட்டுக் கொடுக்கணும்ல. நேத்துப் போனேன் தம்பி. வெறுங்கையோட போகலை, ஒரு பாட்டில் லேகியம் எடுத்துக்கிட்டுத்தான் போனேன். அந்தம்மா பேரு பேச்சியம்மா. என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு, நாற்காலியைத் துடைச்சுப் போட்டு, தண்ணி கொடுத்துச்சு. நான் சொல்லத்தான் வாயெடுத்தேன். சத்தியமாச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள அந்தம்மா பேச ஆரம்பிச்சுருச்சு.

"உங்க மருந்து மேல குறை இல்லை அண்ணாச்சி. அவருதான் உங்க பேச்சைக் கேட்காம, ஆஸ்பத்திரியில படுத்து மறுபடி அந்த மாத்திரையைத் தின்னாரு. அதுதான் அவரைக் கொன்னுருச்சு. உங்க லேகியத்தோட மட்டும் இருந்திருந்தா இருந்திருப்பாரு."

நான் என்ன சொல்ல? அழுதுக்கிட்டு இருக்கிற பொம்பளை. ஒரு நம்பிக்கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. அதைப் போய் உடைக்கிறதா? நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. "எல்லாம் அவன் விதிம்மா"ன்னேன். அப்ப உள்ள இருந்து இருமல் சத்தம். மகளாம், மாரிச்செல்வி. இருபது வயசு இருக்கும், ஜவுளிக் கடையில துணி எடுத்துக் காட்டுற வேலை. ஒரு மாசமா இருமலாம், சாயங்காலம் காய்ச்சலாம். "ஆஸ்பத்திரியில இருந்து வந்து கூப்பிட்டாங்க அண்ணாச்சி. அந்த மாத்திரை எங்க வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். கடவுளாப் பார்த்துத்தான் உங்களை அனுப்பியிருக்காரு"ன்னு சொல்லி, என் கையில இருந்த பாட்டிலைக் கண்ணுல ஒத்திக்கிட்டு வாங்குச்சு.

கொடுக்காம வர முடியுமா, சொல்லுங்க. கொடுத்துட்டு வந்துட்டேன். செண்பகவல்லி என்ன கேட்பா? போனீங்களான்னு கேட்பா. போனேன். வாசல்ல நின்னீங்களான்னு கேட்பா. நின்னேன். நாற்காலி போட்டாங்கன்னு கூடச் சொல்லுவேன். அதுக்கு மேல கேட்டா, அந்தம்மாவே பேச விடலைன்னு சொல்லுவேன். ஒரு வார்த்தை பொய் இல்லை.

என்ன தம்பி, போனை எடுத்துட்டீங்க. அந்தப் பொண்ணு பேரா? மாரிச்செல்வி. அப்பா பேரு முத்திருளன். வீடு ரயில்வே கேட்டைத் தாண்டி, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துச் சந்துல மூணாவது. பச்சைக் கதவு. ஆஸ்பத்திரியில உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்களா? இன்னைக்கே அனுப்புறீங்களா? ரொம்ப நல்லது தம்பி. இதை நீங்க முதல்லயே சொல்லியிருந்தா நான் இன்னும் விவரமாச் சொல்லியிருப்பேனே. தாராளமா அனுப்புங்க. நல்லா விசாரிக்கச் சொல்லுங்க. இத்தனை பேர் இத்தனை பேசுறாங்க, அந்த வீட்டுல போய்க் கேட்கட்டும். அந்தம்மா என்னைப் பத்தி ஒரு குறை சொல்லாது.